கலர் கலரான நூலில் இலை ஏன் தெரியவில்லை?

நூலும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

ஊதா, நீலம், ரோஸ், நடுநடுவே மஞ்சள் என்று ஒரே நூலில் நிறம் மாறி மாறி வரும் உருண்டைகளைப் பார்த்ததும் விட மனசில்லாமல் வாங்கிவிட்டேன். அதில் இலை இலையாக வரும் லேஸ் சால்வையை ஆரம்பித்து ஒரு முழம் வந்தாயிற்று. இலையே தெரியவில்லை, ஒரு பக்கமாக நீலத் திட்டுதான் தெரிகிறது. என் கை சரியில்லையா? (ஒரு முழத்தில் நிற்பவர்)

கையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலைச் சுற்றி ஓட்டை விட்ட இடம், இரண்டு கண்ணியைச் சேர்த்துக் குறைத்த இடம், நடு நரம்பு எல்லாமே அதனதன் இடத்தில் இருக்கின்றன. இலை இருக்கிறது, கண்ணுக்குத்தான் அகப்படவில்லை.

லேஸ் டிசைனில் உருவம் தெரிவது நிழலால். ஓட்டை இருட்டாக விழும், சாய்ந்த கண்ணிகள் கோடாக எழும்பும், அதை வைத்துத்தான் கண் 'இது இலை' என்று கண்டுகொள்கிறது. கண்ணிகள் கயிறு மாதிரி முறுக்கி வரும் கேபிள் டிசைனும் அப்படியே. ஆனால் நிறம் மாறினால் கண் முதலில் அதைத்தான் பார்க்கும், நிழலெல்லாம் அப்புறம்தான். உங்கள் நூலைக் கொஞ்சம் இழுத்து, ஒரு நிறம் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகும். அப்படியென்றால் நீலம் 15 செ.மீ. ஓடினாலும் துணியில் அது 5 செ.மீ. கோடுதான். ஒரே இலைக்குள் நீலம் முடிந்து, ரோஸ் வந்து, மஞ்சளும் எட்டிப் பார்த்துவிடும்.

திட்டுக்குக் காரணம் வேறு. நிறங்கள் ஒரு சுற்று சுற்றி மறுபடி நீலத்துக்கு வரும் நீளமும், உங்கள் ஒரு வரிசைக்கோ இரண்டு வரிசைக்கோ செலவாகும் நீளமும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால், நீலத்தின் தலைமேலேயே நீலம் வந்து உட்காரும். இதைக் கலைக்க வழி இருக்கிறது. இரண்டு உருண்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னலாம். அல்லது கண்ணி எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். திட்டு போய்விடும். இலை மட்டும் அப்போதும் வராது.

அதனால் பிரித்துவிடுங்கள். கோபப்படாதீர்கள், ஒரு முழம்தானே! அந்த நூல் நிஜமாகவே அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூலே இவ்வளவு ஆட்டம் போடும்போது டிசைன் சும்மா இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நேர்க்கண்ணியே வரும் கார்ட்டர் பின்னலில், ஒரு நுனியில் ஆரம்பித்து அகலமாகிக்கொண்டே போகும் முக்கோணச் சால்வை போடுங்கள். வரிசைக்கு வரிசை அகலம் மாறுவதால் திட்டு ஓரிடத்தில் நிலைத்து நிற்காது. ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷா தெரியுமென்றால், ஒரு சங்கிலிக் கண்ணி, ஒரு சிங்கிள் (குட்டையான கண்ணி) என்று மாறி மாறி, அடுத்த வரிசையில் சங்கிலி இடுக்கில் சிங்கிள் வருகிற மாதிரிப் போடுங்கள். நிறங்கள் புள்ளி புள்ளியாகச் சிதறிப் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

இலைக்கு ஒரே நிற நூல் வாங்குங்கள். ரொம்ப அடர்த்தியான நிறம் வேண்டாம். கருநீலத்திலும் கறுப்பிலும் நிழல் முழுகிவிடும், ராத்திரி விளக்கில் கண்ணியை எண்ணுவதும் கஷ்டம். லேஸுக்கு இரண்டு இழை முறுக்கின நூல் நல்லது, ஓட்டைகள் திறந்து நிற்கும். கேபிளுக்கு மூன்று, நான்கு இழை சேர்ந்து உருண்டையாக இருக்கும் நூல்தான் எடுப்பாகத் தெரியும்.

என்னிடம் ஒரு தகர டப்பா நிறைய மாதிரித் துண்டுகள் இருக்கின்றன. அதில் ஒரே இலையைச் சந்தன நிறத்தில் ஒன்றும், இப்படிப் பல நிற நூலில் ஒன்றும் போட்டு ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறேன். சால்வை பின்ன வருபவர்களிடம் பேசுவதற்கு முன் அதைத்தான் கையில் கொடுப்பேன். ஒவ்வொரு துண்டின் வால் நூலிலும் முடிச்சுகள் இருக்கும். 4 எம்.எம். ஊசியென்றால் நாலு முடிச்சு, நாலரை என்றால் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சீட்டு எழுதிக் குத்தினால் தொலைந்துவிடும், முடிச்சு எங்கேயும் போகாது.

ஸ்வெட்டர் பேட்டர்னில் 50 கிராம் கம்பளி உருண்டை 10 என்று போட்டிருக்கிறது. எனக்குக் கம்பளி கழுத்தில் குத்தும். காட்டன் நூலில் அதே 10 உருண்டை வாங்கினால் சரியாக இருக்குமா? (காட்டன் பிரியை)

இருக்காது. கிராமை மறந்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். லேபிளில் எடைக்குப் பக்கத்திலேயே நீளமும் இருக்கும். பேட்டர்னில் சொன்ன கம்பளி 50 கிராமுக்கு 125 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1,250 மீட்டர் வேண்டும். காட்டன் கம்பளியைவிடக் கனம். அதே தடிமனில் 50 கிராமுக்கு 105 மீட்டர்தான் இருக்கிறது என்றால், 10 உருண்டைக்கு 1,050 மீட்டர்தான் தேறும். ஒரு கை பின்னாமல் நிற்கும். 12 வேண்டும், கைவசம் ஒன்று சேர்த்து 13 வாங்குங்கள். எல்லா லேபிளிலும் சாயத் தொகுதி எண், அதாவது டை லாட் எண், ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். உருண்டையாக வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. முதுகின் நடுவில் நூல் மாறின இடத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

நீளம் சரியாகிவிட்டாலும் காட்டன் கம்பளியாகிவிடாது. கம்பளி இழைக்குப் பிறவியிலேயே ஒரு சுருள் உண்டு, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பி வரும். காட்டனுக்கு அது கிடையாது. கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் தொளதொளவென்று ஆகும், ஸ்வெட்டரும் தன் கனத்திலேயே கீழே இறங்கும். அதனால் பட்டைகளை இரண்டு அளவு சின்ன ஊசியில் போடுங்கள். தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னும் பேட்டர்னைவிட, முன்பக்கம் பின்பக்கம் தனித்தனியாகப் பின்னித் தைக்கும் பேட்டர்ன் காட்டனுக்கு ஏற்றது. தோள் தையல் கனத்தைத் தாங்கிப் பிடிக்கும். நீளமாகத் தொங்கும் கோட்டு மாதிரி டிசைனெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கம்பளி எல்லாமே குத்துகிறதா, இல்லை ஏதோ ஒரு கம்பளி குத்தியதா? குத்துவது பெரும்பாலும் இழையின் தடிமனால். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போன இழைகளின் நுனி தோலில் வளையாமல் குத்தும். மெரினோ ஆட்டுக் கம்பளி பொதுவாக 24 மைக்ரானுக்கும் கீழே. கடையில் நூலை உள்ளங்கையில் தடவிப் பார்ப்பதால் பிரயோஜனம் இல்லை, அங்கே தோல் தடிப்பு. கழுத்தோரம் ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பேட்டர்ன் படத்தில் குட்டையான தொப்பி. நான் குரோஷாவில் போட்டால் ஒவ்வொரு வரிசையும் உயரமாகி, தொப்பி மூக்கு வரை இறங்குகிறது. நூல், ஊசி, எண்ணிக்கை எல்லாம் சரிதான். (தொப்பிக்குள் இருப்பவர்)

பேட்டர்ன் பிரிட்டன் முறையில் எழுதியது, நீங்கள் அமெரிக்க முறையில் பின்னுகிறீர்கள். பிரிட்டனில் டபுள் குரோஷா என்ற கண்ணி அமெரிக்காவின் சிங்கிள், அமெரிக்காவின் டபுள் அதைவிட உயரம். பிரிட்டனின் ட்ரெபிள் என்றால் அமெரிக்காவின் டபுள். இப்படி எல்லாமே ஒரு படி தள்ளி வரும். பேட்டர்னில் எங்கேயாவது 'சிங்கிள் குரோஷா' என்று இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டன் முறையில் அந்தப் பெயரே கிடையாது. ஆரம்பிக்கும் முன் அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

அளவு சரிபார்க்க முதலில் மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தே ஆக வேண்டுமா? ஆசையாக உட்காரும்போது அது ஒரு தண்டனை. (அவசரக்காரி)

சால்வை, போர்வை, பொம்மைக்கு வேண்டாம். கொஞ்சம் பெரிதானால் யாரும் கேட்கப்போவதில்லை. நூல் பற்றாமல் போகாத அளவுக்குக் கைவசம் இருந்தால் போதும்.

உடம்பில் போடுவதற்கு வேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும் என்று நினைத்து 200 கண்ணி போடுகிறீர்கள், மார்புச் சுற்று 100 செ.மீ. வர வேண்டும். உங்கள் கை கொஞ்சம் இறுக்கமாகி 22 கண்ணி வந்தால் 91 செ.மீ.தான் வரும். இரண்டே கண்ணி வித்தியாசம், ஸ்வெட்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். துண்டை 15 செ.மீ. அகலமாவது பின்னி, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணுங்கள், ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும். எண்ணுவதற்கு முன் ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காய வையுங்கள். மெஷினில் போடலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி நனைந்ததும் நீளும், ஊசியிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் ஏமாற்றிவிடும்.

படத்தைப் பார்த்து ஒரு பேட்டர்ன் நன்றாக வருமா வராதா என்று எப்படிச் சொல்வது? (படம் பார்த்து மயங்குபவர்)

முதலில் படத்தில் எதைக் காட்டவில்லை என்று பார்ப்பேன். தோள் பக்கம் தலைமுடி விழுந்து மறைக்கிறதா, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரா, பின்பக்கப் படமே இல்லையா? அப்படியென்றால் அங்கேதான் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்வேன். எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்திதான். ஆனாலும் தட்டையாக விரித்து வைத்து எடுத்த ஒரு படமும், அளவு குறித்த கோட்டுப் படமும் இல்லாத ஸ்வெட்டர் பேட்டர்னை நான் தொடுவதில்லை. முடிந்த ஆடையின் மார்புச் சுற்று, நீளம், கை நீளம் எவ்வளவு என்று அந்தக் கோட்டுப் படம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடித்துப்போன பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து அளந்து, அதோடு ஒப்பிடுங்கள். 'மீடியம்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஒவ்வொருவர் மீடியமும் ஒவ்வொரு தினுசு.

அப்புறம், கூட்டிக் குறைக்கும் வரிசைகளின் கடைசியில் எத்தனை கண்ணி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியவர் தானே பின்னிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

குரோஷா மேலாடை என்றால் ஒன்று கூடுதல்: பேட்டர்ன் சொல்லும் நூலின் தடிமன். லேபிளில் 0 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும், எண் கூடக் கூட நூல் தடிமன். குரோஷாக் கண்ணி இயல்பிலேயே பின்னல் கண்ணியைவிடப் பருமன். 4-ஆம் எண் நூலில் நெருக்கமாகப் போட்ட மேலாடை அட்டை மாதிரி விறைத்து நிற்கும். படத்தில் மாடல் அசையாமல் நிற்பதால் அது தெரியாது. 1 அல்லது 2-ஆம் எண் நூலும், அதற்குச் சொன்னதைவிட ஒரு அளவு பெரிய ஊசியும் என்றால் துணி வழிந்து விழும்.

சிவப்பும் பச்சையும் சேர்த்து இரண்டு நிறப் பூ வேலை போட்டேன். கையில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று இருந்த நிறங்கள், பின்னிய பிறகு பூவே தெரியாமல் சேர்ந்துவிட்டன. (பூ தேடுபவர்)

இரண்டும் வேறு நிறம், ஆனால் ஒரே அளவு அடர்த்தி. உருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பூ தெரியாது. ஒன்று வெளிறியும் இன்னொன்று கருத்தும் தெரிய வேண்டும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகள் பக்கத்து ஃபேர் ஐல் ஸ்வெட்டர்களில் எத்தனையோ நிறம் இருக்கும், ஆனால் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான். அங்கேயும் பூவைக் காட்டுவது இந்த வெளிறல், அடர்த்திக் கணக்குதான்.

அடுத்த முறை சிவப்போடு வெள்ளை சேர்ப்பதாக இருந்தால், சிவப்பு நூலில் ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சிவப்பு வேண்டாம்.

பழைய பெட்டி நிறைய லேபிள் இல்லாத நூல். எது கம்பளி, எது அக்ரிலிக், எவ்வளவு தடிமன்? (பெட்டி திறந்தவர்)

ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்து, தானாக அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகித வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் காட்டன். உருகிக் கெட்டியான கறுப்பு மணியானால் அக்ரிலிக். சூடாக இருக்கும்போது தொடாதீர்கள்.

தடிமனுக்கு: லேபிள் உள்ள நூலை மடித்து, தெரியாத நூலின் மடிப்புக்குள் கோத்து, இரு பக்கமும் முறுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு விரலை ஓட்டுங்கள். சேர்ந்த இடம் தட்டுப்படவில்லை என்றால் இரண்டும் ஒரே தடிமன்.

கைக்குழந்தைக்கு முயல் பொம்மை பின்ன, பஞ்சு பஞ்சாக மொசமொசவென்று இருக்கும் நூல் வாங்கலாமா? (வருங்காலப் பாட்டி)

வேண்டாம். அந்த நூலில் கண்ணி தெரியாது, ரோமம் உதிர்ந்து வாய்க்குள் போகும். வழுவழுப்பான காட்டன் நூல், லேபிளில் சொன்னதைவிட சின்னக் குரோஷா ஊசி. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள், கறுப்பு நூலிலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள்.