சோலர் தகட்டுக்கு 30 பாகை ஸ்டாண்ட் வேண்டுமா?

இலங்கை மலையகத்தின் கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சின்னதாக ஒரு கடை, அதில் ஒரு ஃபிரிட்ஜ், மாதா மாதம் ஏறும் லைட் பில். சோலர் போடலாம் என்று ஒரு ஏஜென்டை வரச் சொல்லியிருக்கிறார். இவருடைய தகரக்கூரை ஒரு பக்கம் கிழக்கே, மறுபக்கம் மேற்கே சரிந்தது. "தகடு தெற்கைப் பார்த்து 30 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். இந்தக் கூரைக்கு இரும்பு ஸ்டாண்ட் அடிக்காமல் சரிவராது. அதற்கு மட்டும் தனியாக 85,000 ரூபாய். ஜூனில் சூரியன் கிட்ட வருவதால் அள்ளிக் கொடுக்கும்" என்றாராம் ஏஜென்ட். வாசகி கேட்கிறார்: "ஜூனில் காலை வெயில் எங்கள் வடக்குப் பக்க ஜன்னலால்தானே உள்ளே வருகிறது? யாரை நம்புவது?"

ஜன்னலை நம்புங்கள் அம்மா.

பூமி நிமிர்ந்து சுற்றுவதில்லை. 23.4 பாகை சாய்ந்தபடியே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அதே சாய்வோடு வருடத்துக்கு ஒரு தடவை சூரியனையும் சுற்றி வருகிறது. அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்பாதி. நம் மலையகம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சிச் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நம் தலைக்கு மேலாகக் கடக்கும்: ஏப்ரல் 7ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 5ஐ ஒட்டி மறுமுறை. இடைப்பட்ட 5 மாதம் அது நமக்கு வடக்கே நிற்கும், மீதி 7 மாதம் தெற்கே. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்னால் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, பகல் 12.10 அளவில் பாருங்கள். நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

தூரக் கதை தலைகீழ். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் கிழமையில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் கிழமையில்தான் மிகத் தூரம், 15 கோடியே 21 லட்சம். கிட்ட வரும்போது சூரியனின் ஈர்ப்பு பலமாக இழுப்பதால் பூமி கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது. ஜனவரியில் பூமிக்கு வந்து சேரும் வெயில் ஜூலையை விட ஏறத்தாழ 7 வீதம் கூட.

இனி அந்த ஸ்டாண்ட். டார்ச்சைச் சுவரில் நேராக அடித்தால் வட்டம் சின்னதாகப் பளிச்சென்று இருக்கும், சரித்து அடித்தால் ஒளி பரந்து மங்கும். தகட்டிலும் இதேதான். உச்சி வேளை வெயில் நேராக விழுந்தால் 100 என்று வையுங்கள். டிசம்பர் கடைசியில் 30 பாகை ஸ்டாண்டில் 100 விழும், தட்டையாகக் கிடக்கும் தகட்டில் 86. ஜூனில் ஸ்டாண்டில் 69தான், தட்டையான தகட்டில் 96. டிசம்பரில் 14 கிடைக்கிறது, ஜூனில் 27 போகிறது. ஆனி ஆடிக் காற்று ஸ்டாண்டோடு தகரத்தையும் சேர்த்துப் பிடுங்கப் பார்க்கும். 85,000 ரூபாய்க்கு இதுவா?

30 பாகையெல்லாம் ஐரோப்பா மாதிரி தூர வடக்கு நாடுகளுக்கான கணக்கு. அதை இங்கே சொன்னால் நாமும் தலையாட்டுகிறோம், ஏனென்றால் பாடசாலையில் நான்கு பருவங்களைப் பாடமாக்கிய நமக்கு வாசலில் ஒரு கம்பை நட்டு நிழல் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

உங்கள் கூரையின் கிழக்குச் சரிவிலேயே தகட்டைப் படுக்க வையுங்கள். கொட்டகலைப் பக்கம் காலை தெளிவாக இருந்தாலும் மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிடுவது உங்களுக்குத் தெரியும். மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை வேறு. பகல் நீளமான ஜூனில் உங்களுக்கு வெயில் குறைவு, மலைக்கு மறுபக்கம் இருக்கும் பண்டாரவளைக்காரருக்கு நல்ல வெயில். ஏஜென்ட் காட்டும் மாதாந்த யூனிட் கணக்கு எந்த ஊருக்குப் போட்டது என்று கேளுங்கள். வறண்ட தென்கரையான அம்பாந்தோட்டையின் வெயிலை வைத்துக் கொட்டகலையில் விற்பார்கள்.

ஒரேயொரு சந்தர்ப்பத்தில் நான் சொன்னது பிழையாகிவிடும்: கிழக்கே மலை இருந்தால். இதை நிதானமாகப் பாருங்கள். முதலில் கிழக்கைக் கண்டுபிடியுங்கள். போன் திசைகாட்டி தகரத்துக்குப் பக்கத்தில் பொய் சொல்லும். நட்ட கம்பின் நிழல் நுனியில் ஒரு கல், 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. அப்புறம் கிழக்கைப் பார்த்து நின்று கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள். ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சூரியன் ஜூனில் இடப்பக்கம் இரண்டரை முஷ்டி தள்ளி உதிக்கும், டிசம்பரில் வலப்பக்கம் இரண்டரை முஷ்டி. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, நம் ஊரில் சூரியனும் ஏறக்குறைய செங்குத்தாகவே ஏறும். அதனால் மலை ஒன்றரை முஷ்டி உயரம் என்றால் ஒரு மணித்தியாலம் போச்சு, மூன்று முஷ்டி என்றால் இரண்டு மணித்தியாலம்.

இடப்பக்க மலை மறைத்தால் பெரிய நட்டமில்லை, அது எப்படியும் மழை மாதம். வலப்பக்க மலைதான் கெடுக்கும். ஜனவரி, பெப்ரவரியின் தெளிந்த காலைகளை அது தின்றுவிடும். ஏஜென்ட் மார்ச்சிலோ செப்டம்பரிலோ வந்திருந்தால், நேர் கிழக்கே, மலைகளுக்கு நடு இடைவெளியில் எழும்பும் சூரியனைப் பார்த்து "மலையே மறைக்கவில்லை" என்று சொல்லியிருப்பார். வலப்பக்கம் மூன்று முஷ்டிக்கு மேலே மலை இருந்தால் பாதித் தகட்டை மேற்குச் சரிவுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, படிவங்களில் கையெழுத்துப் போடும் விஷயம். எனக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்தில் தந்த படிவம் முழுக்கச் சிங்களத்தில். தமிழில் கேட்டதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் புகுந்து, "நான் நிரப்புகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார். போடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரி வரியாகச் சொல்லச் செய்யுங்கள். முஷ்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏஜென்ட் வந்ததும் முற்பணத்துக்கு முன்னால் அதைக் கையில் கொடுங்கள்.