பெரிதாக எதிர்பார்த்துப் போய் ஏமாந்த தமிழ்ப் படம் எது? ஏன்?

‘இந்தியன் 2’, ‘கங்குவா’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். முதலாவதில் கடைசியாகப் போட்ட மூன்றாம் பாக முன்னோட்டம்தான் எனக்குக் கொஞ்சம் தேறியது. இரண்டாவதில் காதுவலி மிச்சம். அவற்றை அன்றைக்கே மறந்தாயிற்று. இன்னும் மனசு ஆறாத படம் என்றால் 2018 செப்டம்பரில் ‘சாமி’யின் இரண்டாம் பாகமாக வந்த ‘சாமி ஸ்கொயர்’தான்.

நான் பாளையங்கோட்டைக்காரன். 2003-இல் ‘சாமி’ வந்தபோது எங்களுக்கு அது ஊர்ப் படம். திரையில் திருநெல்வேலி என்ற பெயர் வந்தாலே விசில் பறக்கும். ஆனால் படம் நின்றது அந்த விசிலால் இல்லை, விக்ரம் நடித்த ஆறுச்சாமி என்ற ஆளால். இட்லியும் பீருமாக உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர். வில்லன் பெருமாள் பிச்சையிடம் காசை வாங்கிக்கொண்டே, ஊருக்குள் வம்பு வரக்கூடாது என்று பேரம் பேசுகிறவர். நல்லவரா கெட்டவரா என்று கொஞ்ச நேரம் நம்மைக் குழம்பவிட்டு, அதிலேயே கதையை ஓட்டுவார் இயக்குநர் ஹரி.

முடிவு இன்னும் கெட்டி. (இத்தனை வருடம் கழித்துக் கதையைச் சொன்னால் தப்பில்லை.) பெருமாள் பிச்சையைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிடுவார் சாமி. தியேட்டரே எழுந்து நின்று கத்தியது, நானும்தான்.

பதினைந்து வருடம் கழித்து இரண்டாம் பாகம் இந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்குகிறது. அப்பனைக் காணோம் என்று இலங்கையிலிருந்து மகன் ராவண பிச்சை தேடி வருகிறான். எவ்வளவு நல்ல நூல் பாருங்கள்! வில்லன் கேட்கிற கேள்வி நியாயமான கேள்வி. “எங்க அப்பா எங்கே?” என்றால் போலீஸ் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? கதாநாயகன் செய்த கொலை, அவன் சொன்ன பொய், அதற்குக் கணக்குக் கேட்டு ஒருவன் வந்து நிற்கிறான். பார்க்கிற நமக்குமே கொஞ்சம் உறுத்தியிருக்கும். அன்றைக்குக் கைதட்டியவர்கள் நாம்தானே.

படம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே ராவணனை ராட்சசன் ஆக்கி, சாமியையும் அவர் மனைவி புவனாவையும் கொல்லவிட்டு, வளர்ந்த மகன் ராம்சாமி பழிவாங்குவான் என்று பழைய தடத்தில் போட்டுவிட்டார்கள். கேள்வி அப்படியே செத்துப்போனது. மீதி நேரம் முழுக்கக் கார் பறக்கிறது, ஆள் பறக்கிறான், எல்லாரும் அடித்தொண்டையில் கத்துகிறார்கள். த்ரிஷா இடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ், ஹாரிஸ் ஜெயராஜ் இடத்தில் தேவி ஸ்ரீபிரசாத் என்பதெல்லாம் எனக்குப் பெரிய குறை இல்லை. விக்ரமும் உழைக்காமல் இல்லை. 2003-இல் கல்யாணம் முடித்தவருக்கு 2018-இல் ஐ.பி.எஸ். ஆகிற வயதில் மகன் எப்படி என்று கணக்குப் போட்டதைக்கூட விட்டுவிடலாம்.

இடைவேளையில் பப்ஸைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னேன். கூட வந்த மச்சான், “மாஸ் படத்துல போயி லாஜிக் பாக்கியே, ஒனக்கென்ன கிறுக்கால?” என்றான். முதல் சாமியும் மாஸ் படம்தானே, அதில் ஆறுச்சாமி ஒவ்வொன்றையும் யோசித்துத்தானே செய்தார் என்றேன். சரி, பெல் அடித்துவிட்டது, உள்ளே போனோம்.

சரியாக அடுத்த வாரம், செப்டம்பர் 28, ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதுவும் திருநெல்வேலிதான். சட்டக் கல்லூரியில் வந்து சேரும் ஒரு பையன், அவனுடைய நாய், கூத்தாடுகிற அப்பா. அந்த அப்பாவை ரோட்டில் அவமானப்படுத்துகிற காட்சியில் தியேட்டரில் ஒரு விசில் இல்லை. அடுத்தடுத்த வாரம் ஒரே ஊரைப் பற்றி இரண்டு படம் பார்த்ததால் முந்தைய வாரத்து எரிச்சல் எனக்கு இரண்டு மடங்கானது. ஹரியும் இந்த மண்ணின் ஆள்தான், அவருக்குத் தெரியாத ஊரா?

பிறகு 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. போலீஸ் காவலில் அடிபட்ட அப்பனும் மகனும் செத்துப்போனார்கள். அப்போது ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். பெரிய இயக்குநர் ஒருவர் அப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அந்த வேதனையைப் படமாகவே எடுக்கிற வாய்ப்பு, இரண்டு வருடம் முன்னாடியே ராவண பிச்சை ரூபத்தில் அவர் கைக்கு வந்திருந்தது. அதைச் சண்டைக் காட்சிக்குச் செலவழித்துவிட்டார்.

டிவியில் முதல் சாமி போட்டால் இப்போதும் பார்ப்பேன். சூளை வரும்போது மட்டும் முன்னே மாதிரிக் கைதட்ட வருவதில்லை. இரண்டாம் பாகம் ஓடினால் ரிமோட்டைத் தேடுவேன்.