தக்காளியின் அடி கருத்தால் பூஞ்சண மருந்து எதற்கு?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண் காட்டில் ஒரு ஏக்கர் தக்காளி போட்டிருக்கிறேன். வாய்க்கால் பாசனம். கரண்ட் கிடைக்கும்போதுதான் தண்ணீர் விட முடிகிறது. முதல் கொத்துக் காய்களில் பாதிக்கு அடிப்பக்கம் கருத்துப் பள்ளம் விழுகிறது. பூஞ்சண மருந்து இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: மூன்றாவது முறை அடிக்காதீர்கள், காசுதான் வீண். காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த முனையில் கருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் காய்ந்த தோல்போல இருக்கும், நீர் கசியாது. அப்படியானால் நோய்க்கிருமி காரணமில்லை, காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் உரசிக் கிடக்கும் காயில் வளையம் வளையமாகப் பழுப்பு ஓடியிருந்தால் மட்டும் அது வேறு நோய்.

பூசணிக்காய் மிட்டாய் போடுகிறவர்கள் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு குழையாது. காய்க்குள் ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டுவது பெக்டின் என்ற பசை. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் அந்தப் பசையை இழுத்துக் கட்டிவிடுகிறது. உங்கள் காயில் நடப்பது இதற்கு நேர்மாறு. கால்சியம் குறைந்தால் செல்சுவர் தளர்கிறது, உள்ளே இருக்கும் சவ்வும் கசிகிறது, அந்த இடம் செத்துக் கருக்கிறது. 

'மண்ணில் கால்சியம் இல்லையா?' என்பீர்கள். பெரும்பாலும் இருக்கும். அது வேரிலிருந்து தண்ணீரோடுதான் ஏறும். இலை நாள் முழுக்க நீரை ஆவியாக்குவதால் தண்ணீர் அங்கேதான் ஓடுகிறது. மெழுகுத் தோல் போர்த்திய காய்க்குக் கிடைப்பது கொஞ்சம். இலைக்குப் போய்விட்ட கால்சியம் காய்க்குத் திரும்பி வராது. நிலம் நான்கு நாள் காய்ந்து, ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ந்தால், காய் வேகமாகப் பருக்கும் அந்த நாட்களில்தான் வரத்து அறுபடுகிறது. முனைதான் கடைசி, அதனால் அங்கே முதலில் தெரிகிறது.

ஆகவே முதல் வைத்தியம் தண்ணீர்தான். கொஞ்சமாக, அடிக்கடி விடுங்கள். வைக்கோலோ சோளத்தட்டையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். முடிந்தால் சொட்டு நீருக்கு மாறுங்கள். யூரியாவை இப்போது நிறுத்துங்கள்: அம்மோனியமாக மாறும் தழைச்சத்து கால்சியத்தோடு போட்டி போடும், இலையும் தளதளவென்று வளர்ந்து இன்னும் தண்ணீர் இழுக்கும். பொட்டாஷையும் அளவுக்கு மேல் போடாதீர்கள்.

கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் கலந்து, கோலிக்குண்டு அளவுக் காய்கள் நனையும்படி, வாரம் ஒரு முறை மாலையில் அடிக்கலாம். இலையில் பட்டது காய்க்கு இறங்காது, அதனால் காயில் படவேண்டும். சல்பேட், பாஸ்பேட் உரங்களை அதே டேங்கில் கலக்காதீர்கள், திரிந்து அடியில் படியும். தெளிப்பு ஒரு கைத்தாங்கல்தான், தண்ணீர் சரியில்லாமல் இதை மட்டும் நம்பவேண்டாம்.

கருத்த காய்கள் தேறாது, இப்போதே பறித்துவிடுங்கள். கால்சியம் கொடுக்கும் ஜிப்சம் போடுவதை அடுத்த போகத்துக்கு முன் மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யலாம்.