மேடை எத்தனை அடி?

வணக்கம்.

நானும் என் இணையரும் பெண்கள். நாங்கள் வசிக்கும் நாட்டில் எங்கள் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யலாம். பதிவும் விருந்தும் ஒரே நாளில் என்று முடிவு செய்திருக்கிறோம். வெட்டிங் பிளானர் கொடுத்த படிவத்தின் முதல் வரியே 'மாப்பிள்ளை பெயர்'. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதே படிவம்தான், யாராவது ஒருத்தர் பெயரைப் போடுங்கள்" என்றார். இணையரின் அக்கா சக்கர நாற்காலியில் வருவார். என் அப்பா அம்மா பிரிந்து, இருவருமே மறுமணம் செய்துகொண்டவர்கள். நெருங்கிய நண்பர் ஒருவர் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று பதிவான ஆண். இவர்களுக்காக ஏதாவது கேட்டாலே, "ஒரு நாள் விஷயத்துக்கு எதற்கு இத்தனை கெடுபிடி" என்கிறார்கள் வீட்டில். நான் அதிகம் கேட்கிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் வாழ்த்துகள். நீங்கள் அதிகம் கேட்கவில்லை. தாமதமாகக் கேட்கிறீர்களோ என்பதுதான் என் பயம். ஹாலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடை மூன்றடி உயரம். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண்மணியை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. அவர் ஒரு கையால் நாற்காலியின் பிடியையும், இன்னொரு கையால் விலகிய உடையையும் இறுக்கிப் பிடித்திருந்தார். போட்டோவில் சிரித்தபடிதான் இருக்கிறார். சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "தூக்கலாமான்னு யாருமே கேட்கலை சார்."

சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். மேடை இரண்டடி என்றால் சாய்தளம் 24 அடி. "ரேம்ப் போட்டுடலாம்" என்று பிளானர் சொன்னால், எத்தனை அடி என்று கேளுங்கள். ஆறடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் அதில் ஏறுகிறவர் பின்னால் சரிவார். என்னைக் கேட்டால், மேடையே வேண்டாம். தரையில் நில்லுங்கள், நாற்காலிகளை வளைவாகப் போட்டால் எல்லாருக்கும் தெரியும். செலவும் மிச்சம். அப்புறம் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். திறந்த நிலையில் 32 அங்குலமாவது வழி இருக்க வேண்டும். ஹால் விளம்பரத்தில் சரவிளக்கு இருக்கும், இது இருக்காது.

இனி அந்தப் படிவம். 2001 ஏப்ரல் 1, நள்ளிரவு தாண்டியதும் ஆம்ஸ்டர்டாம் மேயர் யோப் கோஹன் நான்கு ஒருபால் ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். நெதர்லாந்து அதற்காகச் சட்டத்தில் எழுதியது ஏறக்குறைய ஒரே வரிதான்: வெவ்வேறு பாலினத்தவரோ ஒரே பாலினத்தவரோ, இருவர் மணம் செய்துகொள்ளலாம். ஒரு நாட்டின் சட்டமே ஒரு வரியில் மாறியிருக்கிறது. உங்கள் பிளானருக்கு ஒரு சொல்லை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். போட்டோகிராஃபர், மைக் பிடிப்பவர், அலங்காரக்காரர் எல்லாருக்கும் போகப்போவது அந்தப் படிவம்தான். இன்று 'மாப்பிள்ளை' என்ற கட்டத்தில் யாராவது ஒருவர் பெயரைப் போட்டால், அன்றைக்கு மைக்கில் "மாப்பிள்ளை எங்கே?" என்று ஒரு நகைச்சுவை நிச்சயம். அதற்கும் நீங்கள் சிரித்துவைக்க வேண்டியிருக்கும். மாற்ற மாட்டேன் என்றால் ஆளை மாற்றுங்கள்.

போட்டோகிராஃபரிடம் தனியாகவே பேசுங்கள். "ஆண்கள் எல்லாம் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்" என்று கத்துவது அவர்கள் பழக்கம். உங்கள் நண்பர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று அப்போது எல்லாக் கண்களும் பார்க்கும். பெயர்ப் பட்டியல் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். பட்டியலில் என்ன பெயர் வேண்டும் என்று நண்பரையே கேளுங்கள். பழைய பெயரால் அவரை அழைக்கும் உறவினர் யாராவது இருந்தால் முன்னாலேயே ஒரு போன். அதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் விளக்க வேண்டாம், அவர் விருந்துக்குத்தான் வருகிறார்.

அப்பா அம்மா விஷயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. அழைப்பிதழை உங்கள் இருவர் பெயரிலேயே போடுங்கள். யார் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை. சாப்பாட்டு மேசையில் அவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாதானம் செய்யப் பார்க்காதீர்கள். அதெல்லாம் சினிமாவில்.

வீட்டில் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது: எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தலையில் சுமந்தால் அன்றைக்குச் சோர்ந்துபோவீர்கள். கெடுபிடி என்று சொல்கிறவரிடமே ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த டேப்பை அவரிடம் கொடுக்கலாம்.

அதற்கு முன் அக்காவுக்கு ஒரு போன் செய்து, நாற்காலியின் அகலம் என்ன, அன்றைக்கு எங்கே உட்கார விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள்.