கிலோ என்ன விலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவன் நான். எட்டு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. போன மாதம் ஒரு பதிப்பகத்தின் செலவுக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. என் படத்துக்கான தொகை 'அச்சுச் செலவு' என்ற தலைப்பில், தாளுக்கும் பைண்டிங்குக்கும் கீழே, 'டிசைன் சார்ஜ்' என்று இருந்தது. அதே வாரம் ஓர் இணைய நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியது. அதில் நான் 'கன்டென்ட் பார்ட்னர்'. மாதம் இருபது 'கன்டென்ட்' கொடுக்க வேண்டும், பெயர் வராது.

நண்பர்களிடம் புலம்பினால், "பேர்ல என்னடா இருக்கு, காசு வருதா பாரு" என்கிறார்கள். அதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் ஒரு கட்டுரையில், கைவினை என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னொன்றில், கன்டென்ட் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது என்றீர்கள். இது முரண் இல்லையா? நாளைக்கு நான் பில்லில் 'ஓவியர்' என்று போட்டுக்கொண்டால் தொகை கூடிவிடுமா?

அன்புடன்,
அ.,
கோவில்பட்டி

*

அன்புள்ள அ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடிவிடாது. அந்த மாதத்து பில்லில் ஒரு ரூபாய்கூட ஏறாது. அதற்காக உங்கள் நண்பர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்ல, நான் நேரில் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அங்கே அளவுகோல் என்பது தென்னங்கீற்று. செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு வைத்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, கருவும் போயிற்று, ஆகவே ஒரு வார்ப்புக்கு ஓர் உருவம்தான். அதற்கப்புறம் உளியும் அரமுமாகப் பல நாள் வேலை. அன்று அந்த ஸ்தபதி ஒரு அம்மனின் இடது கைச் சுண்டுவிரலைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரலின் மேல் கணு சரியாக வரவில்லையாம். என் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் அலமாரியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு நடராஜரைக் காட்டி, "இந்தப் பொம்மை கிலோ என்ன விலை?" என்று கேட்டார்கள். அவர் தலையைத் தூக்காமலே ஒரு விலை சொன்னார். மதியத்துக்கு மேல் பக்கத்து ஊர்க் கோவிலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "திருமேனி எப்போ முடியும்?" என்று கேட்டார்கள். ஸ்தபதி உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கோவில்காரர்கள் தாராளமாகப் பணத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் கறாராகத்தான் பேரம் பேசினார்கள். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் எடை என்ற பேச்சே வரவில்லை. இன்னும் எத்தனை நாள், எத்தனை ஆள், கண் திறப்பது என்றைக்கு, இதைப் பற்றித்தான் பேசினார்கள்.

பொம்மை என்று சொல்லும்போது உலோகத்துக்கு விலை கேட்கிறோம். திருமேனி என்று சொல்லும்போது ஒரு மனிதரின் நாட்களுக்கு விலை பேசுகிறோம். தொகை அதற்குப் பிறகுதான் வருகிறது. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை வாயிலிருந்து விழுந்த முதல் சொல்லே முடிவுசெய்துவிடுகிறது. உங்கள் பதிப்பகத்தின் கணக்கில் நடந்ததும் இதுதான். 'அச்சுச் செலவு' என்ற தலைப்பின் கீழே வந்த எதையும் எந்தக் கணக்காளரும் குறைக்கத்தான் பார்ப்பார். தாளில் குறைக்கலாம், பைண்டிங்கில் குறைக்கலாம், அந்த வரிசையில் உங்களிலும் குறைக்கலாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைப்பு சொன்னதை அவர் செய்கிறார்.

இதே உலோகக் கதை ஒன்று நியூயார்க் சுங்கச் சாவடியில் நடந்திருக்கிறது. 1926 அக்டோபரில் ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் சிற்பங்கள் கப்பலில் அங்கே வந்து இறங்கின. அவற்றில் ஒன்று 'விண்வெளியில் பறவை'. பளபளவென்று தேய்த்த, மெலிந்து நீண்டு மேலே எழும் வெண்கலம். சிறகு இல்லை, அலகு இல்லை. கலைப்பொருள் என்றால் அமெரிக்காவில் அப்போது சுங்க வரி கிடையாது. அதிகாரிகளுக்கு அது கலைப்பொருளாகத் தெரியவில்லை. சமையலறை, மருத்துவமனைச் சாமான்கள் என்ற பட்டியலில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். கரண்டி, ஊசி வரிசையில் அந்தப் பறவை.

வழக்கு நடந்தது. அந்தச் சிற்பத்தை வாங்கியிருந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் சாட்சிக்கூண்டில் ஏறினார். இதை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். சிற்பி என்ன பெயர் சொன்னாரோ அதையே சொல்கிறேன், பறவை என்றார் ஸ்டைகன். காட்டில் இதைப் பார்த்தால் பறவை என்று சுடுவீர்களா என்றுகூட அவரிடம் கேட்டார்கள். 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்குசிக்குச் சாதகமாக வந்தது. புதிய கலைப் பாணிகள் நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவை இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி வெய்ட் எழுதினார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த வழக்கு 'யார் செய்தது' என்ற கேள்வியையும் சுற்றிச்சுற்றி வந்தது. தொழில்முறைச் சிற்பி செய்ததா? அவர் கையால் செய்ததா? வார்ப்பு முடிந்த பிறகு அரத்தால் தேய்த்தவர் யார்? நல்ல மெக்கானிக் ஒருவரும் உலோகத்தை இப்படிப் பளபளப்பாக்கலாமே என்று அரசுத் தரப்பு மடக்கியபோது, அவரால் பளபளப்பாக்க முடியும், இந்த உருவத்தை நினைத்துப் பார்க்க முடியாது என்று சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் பதில் சொன்னார். சாமான் பட்டியலில் இருந்தவரை அதைச் செய்தவர் யார் என்று கேட்க யாருக்கும் தேவையே இருக்கவில்லை. கரண்டியைச் செய்தவர் யார் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இப்போது நீங்கள் சொன்ன முரணுக்கு வருகிறேன். கைவினை என்ற சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னவுடன், யாருடைய கை என்ற கேள்வி தானாக வரும். கன்டென்ட் என்பது ஒன்றுக்குள் இருப்பது. பாத்திரம் யாருடையது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு முக்கியம், உள்ளே எதைப் போட்டு நிரப்பினாலும் அதற்குச் சம்மதம்தான். தியேட்டர்காரர்கள் படம் வரும் ஹார்ட் டிஸ்கையே 'கன்டென்ட் வந்துடுச்சா' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறே இல்லை, அவர்களுக்கு அது வந்து சேர வேண்டிய சரக்கு. அதே சொல்லை உங்களைப் பார்த்து ஒருவர் சொல்லும்போதுதான் எனக்கு வலிக்கிறது. மாதம் இருபது கன்டென்ட் என்று கேட்க முடிகிறது. மாதம் இருபது ஓவியம் என்று கேட்டால், எழுதுகிறவருக்கே கை கொஞ்சம் தயங்கும். 'பெயர் வராது' என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டதில்லை. அது அந்தச் சொல்லோடு கூடவே வந்தது.

ஆகவே உயர்ந்த சொல், தாழ்ந்த சொல் என்று நான் பார்ப்பதில்லை. செய்த பொருளோடு செய்த ஆளைச் சேர்த்து வைக்கிற சொல்லா, பிரித்துவிடுகிற சொல்லா என்றுதான் பார்க்கிறேன். உயர்ந்த சொல்லும் பிரிக்கும் என்பதை நாம் தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் சொல்லப்பட்ட ஆட்டத்துக்கு 1930களில் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. சென்னை மியூசிக் அகாதமியும் ஈ. கிருஷ்ண ஐயரும் அதற்காகப் பாடுபட்டார்கள். ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் ஆடினார், மறுவருடம் கலாக்ஷேத்ரா தொடங்கியது. அந்தப் பெயர் மாற்றத்தால் ஆட்டத்துக்கு என்ன மரியாதை வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். ஆடும் பெண், நட்டுவனார், பக்கவாத்தியக்காரர்கள் சேர்ந்தது சின்ன மேளம். மேளம் என்றால் ஆட்களின் கூட்டம். அந்தப் பெயரைச் சொன்னாலே நாலைந்து மனிதர்கள் கண்முன்னால் வந்து நிற்பார்கள். புதிய பெயரைச் சொன்னால் ஒரு முனிவரும் ஒரு சாஸ்திரமும் வந்து நிற்கின்றன. ஆட்டத்தின் மதிப்பு ஏறிய அதே வருடங்களில், அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த குடும்பங்களில் பலவும் மேடையிலிருந்து இறங்கிவிட்டன. பெண்களைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்திய 1947 சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறவள், அதை வேறு பேச்சாகவே வைத்துக்கொள்கிறேன். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்த, வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி கடைசிவரை ஆடினார், 1973இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். ஆனால் அவரை வைத்து மற்ற எல்லாரையும் கணக்குத் தீர்த்துவிட முடியாது. ஒரு சொல் ஏறும்போது அதோடு யார் ஏறுகிறார்கள், யார் கீழேயே நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நான் எந்தப் பெயர் மாற்றத்துக்கும் கைதட்டுவதில்லை.

உங்கள் ஊரிலேயே இதற்கு மறுபக்கம் இருக்கிறது. நாடகத்துக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களையும் சேர்த்துக்கொண்டு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. 'காலண்டர் படம்' என்பது படித்தவர்கள் வாயில் இன்றைக்கும் ஒரு வசைதான். ஆனால் அந்தப் படங்களின் கீழே கையெழுத்து இருக்கும். பலவற்றில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் மாட்டினார்கள். சொல் தாழ்வாக இருந்தும் ஆள் விட்டுப்போகவில்லை. அதனால்தான் இன்று ஆய்வு செய்கிறவர்களால் எந்தப் படம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

இனி உங்கள் பில்லுக்கு வருவோம். 'ஓவியர்' என்று போடுவதால் தொகை கூடாது என்றேன். வேறு ஒன்றைப் போடுங்கள். 'டிசைன் சார்ஜ்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'அட்டை ஓவியம்: இந்தப் புத்தகத்தின் முதல் பதிப்புக்கு மட்டும் அச்சிடும் உரிமை. பதிப்புரிமை ஓவியருடையது. ஓவியர் பெயர் உள்பக்கத்தில் இடம்பெற வேண்டும்' என்று எழுதுங்கள். பில்லில் மட்டும் எழுதினால் போதாது, வேலை தொடங்குமுன் இரண்டு பேரும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஓவியர்களுக்குக் கொஞ்சம் கடுமையானது. காசு கொடுத்து ஒருவர் உங்களை ஓவியம் வரையச் சொன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, அவர்தான் அதன் முதல் உரிமையாளர். நீங்கள் எழுதாமல் விட்ட ஒவ்வொரு அட்டையிலும் அந்த மௌனம் எதிர்த்தரப்புக்குத்தான் போகிறது. எழுதிவிட்டால், இரண்டாம் பதிப்பு வரும்போது அவர்கள் உங்களைத் திரும்பக் கூப்பிட்டாக வேண்டும். தொகை கூடினால் அந்த வழியாகத்தான் கூடும்.

அதே சட்டத்தின் 57ஆவது பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இது நான் செய்தது என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது எங்கள் சொத்து என்றது அரசு. அவர் விடவில்லை. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. நீதிமன்றம் 57ஆவது பிரிவின்படிதான் அப்படித் தீர்ப்பளித்தது.

அந்த இணைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வீட்டு வாடகை உங்களுடையது. ஆனால் போடுமுன் 'கன்டென்ட்' என்று வரும் இடங்களில் எல்லாம் பேனாவால் அடித்து 'ஓவியம்' என்று எழுதி, மறுபடி ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். எந்த நிபந்தனைகள் திடீரென்று கண்ணை உறுத்துகின்றனவோ, அவற்றைப் பற்றி மட்டும் அவர்களிடம் பேசுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவு என் புத்தக அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பின் அட்டையை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. மறுநாள் காலையில் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பதிப்பில் பெயரைச் சேர்க்கிறோம், எப்படிப் போட வேண்டும் என்று கேட்டேன். இனிஷியலோடு சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மூலப்படம் பதிப்பகத்தில் எங்கேயாவது இருக்குமா, மகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். கிடங்கில் தேடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நானும் போய்ப் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
அக்கா