16 வயதுக்குட்பட்டோர் மாவட்டக் கிரிக்கெட் அணித் தேர்வில் பாரபட்சம் காட்டப்படுவது உண்மையா?

உண்மைதான், ஆனால் பெற்றோர் சந்தேகிக்கும் இடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் சில ஆண்டுகள் ஸ்கோரராக இருந்து தேர்வுகளை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அணியின் முதல் எட்டு, ஒன்பது பெயர்களை யார் தேர்ந்தெடுத்தாலும் ஏறத்தாழ அதே பையன்கள்தான் வருவார்கள். சிபாரிசு நுழைவது பன்னிரண்டாவது இடத்திலிருந்து பதினைந்தாவது இடம் வரையில்தான். ஆடும் வாய்ப்பே கிடைக்காவிட்டாலும், பிற்காலத்தில் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்று அந்தச் சான்றிதழுக்காகவே மோதுபவர்கள் உண்டு.

இதற்கு இடங்கொடுப்பது தேர்வு நடக்கும் விதமே. நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் முதுகில் எண் குத்திக்கொண்டு வரிசையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் வலைப்பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு பந்துகள் கிடைக்கும். அதற்குள் ஒருவனை எடைபோடுவது எவராலும் ஆகாது என்பதால், தேர்வாளர் தமக்கு ஏற்கெனவே தெரிந்த முகத்தையே நாடுகிறார். ஒரு முறை, மற்றவர்களையெல்லாம் எண் சொல்லி அழைத்த தேர்வாளர் ஒருவர், தம் அகாடமியில் பயிலும் பையனை மட்டும் செல்லப் பெயர் சொல்லி அழைத்து, "அந்த கவர் டிரைவை ஆடிக் காட்டு" என்றார். அவர் அதை அநியாயம் என்று நினைத்திருக்கவே மாட்டார்.

கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, அந்த நீதிமன்றத்தின் ஒப்புதலோடு 2018இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் விதிகள், கிரிக்கெட் அகாடமி நடத்துபவர் அதே காலத்தில் தேர்வாளராக இருப்பதை நலன் முரண்பாடாகவே, அதாவது சொந்த நலனும் பொறுப்பும் மோதும் நிலையாகவே கருதுகின்றன. மாவட்ட மைதானங்களில் அதை எடுத்துச் சொல்பவர்கள்தான் இல்லை.

யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாத பாரபட்சம் ஒன்றும் உண்டு. வயதுக்கான கெடுநாள் செப்டம்பர் 1 என்றிருக்கும்போது, செப்டம்பரில் பிறந்தவன் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். பதினான்கு, பதினைந்து வயதில் அந்த ஓராண்டு உயரத்திலும் பந்தின் வேகத்திலும் தெரியும். நாம் அதைத் திறமை என்று எழுதிக்கொள்கிறோம்.

உங்கள் மகன் லீக் ஆட்டங்களில் நன்றாக ஆடியும் தேர்வாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டங்களின் ஸ்கோர் தாள்களைப் பிரதியெடுத்து, லீக் ஆட்டங்களில் ஆடியதற்கு எவ்வளவு மதிப்பெண், வலைப்பயிற்சிக்கு எவ்வளவு என்று மாவட்டச் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், அது பையனின் பெயரில்தான் போய் விடியும். பதில் வராவிட்டாலும், அடுத்த தேர்வின்போது அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும். இதற்கிடையே பெரியவர்களின் டிவிஷன் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றில் அவனைச் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் இந்திய அணிக்கே ஆடிய வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, சென்னை லீக் வழியாகத்தான் 2015இல் தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்கு வந்தார். அவர் ஒருவர் வந்துவிட்டதால் முறை சரியாக இருக்கிறது என்று சங்கத்தார் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.