பீப் சத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: மில்டன் பிராட்லி பொம்மை நிறுவனத்தின் பழைய கையடக்க வீடியோ கேமான மைக்ரோவிஷன் கருவி, கனெக்ட் ஃபோர் (நான்கு காய்களை ஒரே கோட்டில் சேர்க்கும் ஆட்டம்) கார்ட்ரிட்ஜோடு, அதாவது கருவியில் செருகும் ஆட்டத் துண்டோடு, இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. திரை ஓரம் கறுத்திருக்கிறதே என்றால், “பேட்டரி போட்டால் போய்விடும், சத்தம் நன்றாக வருகிறது” என்கிறார் விற்பவர். விளம்பரத்திலோ “சோதித்துப் பார்க்கவில்லை, திருப்பி எடுக்க மாட்டோம்” என்று போட்டிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கறுப்பு பேட்டரி போட்டாலும் போகாது, துடைத்தாலும் போகாது. 1979-ல் வந்த கருவி அது; 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட குட்டி எல்சிடி திரை, நிறமெல்லாம் கிடையாது. ஏழு வரிசை, ஆறு அடுக்கு காய்களை அதற்குள்ளேயே அடக்கியாக வேண்டும், அதனால் ஒரு ஓரம் போனாலே ஆட்டம் போச்சு. கண்ணாடிக்குள் அடைத்த திரவப் படிகத்தை அப்போது சரியாக மூடவில்லை, அது கசிந்து நிரந்தரமாகக் கறுத்துவிடுகிறது.

சத்தம் வருகிறது என்பது பொய்யல்ல, அதுதான் சூட்சுமமே. இந்தக் கருவியில் செயலி, அதாவது ஆட்டத்தை இயக்கும் சிப், இருப்பது கார்ட்ரிட்ஜுக்குள். திரை செத்துப்போனாலும் உள்ளே ஆட்டம் பாட்டுக்கு நடக்கும், பீப் பீப் என்று கத்தும், உங்களுக்குத்தான் எதுவும் தெரியாது. பெட்டி பிரிக்காதது என்று கூடுதல் விலை சொன்னாலும் மயங்காதீர்கள், இது தயாரிப்பிலேயே உள்ள கோளாறு, பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கசியும்.

“சோதித்துப் பார்க்கவில்லை, திருப்பி எடுக்க மாட்டோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஏலத் தளங்கள் எதையும் விற்க விடுகின்றன. ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்க்க முடியாதவரா பழைய கருவிகளை வாங்கி விற்கிறார்? பார்த்திருப்பார், பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருப்பார். புகார் கொடுத்தால், விளம்பரத்திலேயே சொல்லியிருக்கிறாரே என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார்கள். இதை எத்தனை முறைதான் சொல்வது!

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களிடம் நல்ல திரையுள்ள கருவி ஏற்கெனவே இருந்து, இவர் கார்ட்ரிட்ஜை மட்டும் தனியாகத் தருவார் என்றால் யோசிக்கலாம். திரை கருவியில்தான் இருக்கிறது, கார்ட்ரிட்ஜில் இல்லை. அதனால் இந்தக் கறுப்பு உங்களைத் தொடாது. ஆனால் கார்ட்ரிட்ஜ் மட்டும் என்றாலும் இரண்டு விஷயம் பாருங்கள். பொத்தான்களுக்கு மேலே வரும் அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அழுத்தி அழுத்தித் தளர்ந்து கிழிந்திருக்கும், கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். அப்புறம், தாமிர முனைகளை மூடியிருக்கும் நகரும் கதவைத் திறந்து “துடைத்துத் தருகிறேன்” என்று ஆரம்பித்தால் உடனே தடுங்கள். செயலிக்கு நிலைமின்சாரத்திலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை, முனைகள் நேரே அதில்தான் போய்ச் சேர்கின்றன. கம்பளத்தில் நடந்து வந்து விரலால் தொட்டாலே அது காலி. கருவியில் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விலை பேசலாம்.

ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க மட்டும் ஆசை என்றால், பழைய கருவிகளைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மேம் (MAME) எமுலேட்டர் மென்பொருளே மைக்ரோவிஷனை ஓட்டும்.